ஆமென் சொல்ல ஒரு ஆள்

அலுவலகக் குறிப்பை எழுதியவரே அதற்கு ஒப்புதல் அளிக்கக் கூடாது. எழுதுபவர் ஒருவர், ஒப்பமிடுபவர் இன்னொருவர். இது எல்லாத் துறைக்கும் பொதுவான விதி. ஒரு பெட்டி குண்டூசி வாங்கினாலும் சரி, நாலு மாடிக் கட்டடம் எழுப்பினாலும் சரி, இரண்டு கையெழுத்து வேண்டும். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒற்றைக் கையெழுத்தோடு எந்தக் கோப்பும் என் மேசையைத் தாண்டியதில்லை. தாண்டியிருந்தால் அன்று நான் விடுப்பில் இருந்திருப்பேன்.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபமும் இந்த விதிப்படிதான் நடந்துவந்தது. மாலை ஏழு மணிக்கு நான் வேதாகமத்திலிருந்து ஒரு அதிகாரம் வாசிப்பேன். என் மனைவி ஜெபிப்பாள். கடைசியில் "இயேசுவின் மூலம் ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே" என்று சொல்லி நிறுத்துவாள். அந்த இடத்தில் நான் ஆமென் சொல்ல வேண்டும். சொல்லும்வரை அவள் கண்ணைத் திறக்க மாட்டாள். ஒருநாள் இருமல் வந்து நான் சற்றுத் தாமதித்தேன். கண்ணை மூடியபடியே, "என்ன, ஆட்சேபணையா?" என்றாள்.

அவளுடைய ஜெபம் நீளமானது. சொந்தக்காரர்கள், சபையார், பால் பாக்கெட் போடுகிற பெண், கால் ஒடிந்திருந்தபோது எதிர்வீட்டு நாய் என்று எல்லோரும் அதில் வருவார்கள். அண்ணனூர் பணிமனைக்குக் காலியாகத் திரும்பும் மின்ரயில் எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும். ஒரு பெட்டியிலும் ஆள் இருக்காது, எல்லா விளக்கும் எரியும். அதன் ஓட்டுநருக்கும் தினமும் ஒரு வரி உண்டு. "பாவம், யாருமே இல்லாத வண்டியை ஓட்டிக்கிட்டுப் போறார். பத்திரமா வீடு சேரட்டும் ஆண்டவரே." நான் ஆமென் சொல்வேன். அந்த ஓட்டுநருக்குத் தனக்காக அண்ணனூரில் இரண்டு பேர் கோப்பு நடத்திக்கொண்டிருந்தது தெரியாது.

பிறகு அவளுக்கு நோய் வந்தது. சபையே வீட்டுக்கு வந்து ஜெபித்தது. நாற்காலி போதாமல் கூடத்தில் பாய் விரித்தோம். ஆயர் ஜெபிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமென் விழுந்தது. அதில் மிக உரக்கச் சொன்னவன் என் மகன். சின்ன வயதிலிருந்தே வாய்க்குள் முணுமுணுக்கிறவன், அந்த மாதங்களில் தெருவுக்குக் கேட்கும்படி சொன்னான். அவள் இறந்துபோனாள். அடக்கத்துக்குப் பிறகு அவன் சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். சண்டையில்லை, விவாதமில்லை. விடுப்புக் கடிதம் கொடுக்காமல் பணிக்கு வராமல் போகிறவர்களைப் போல, ஒரு ஞாயிறு வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை.

எனக்குக் குடும்ப ஜெபம் பாதியில் நின்றது. அதிகாரத்தை வாசிப்பேன். எழுபது வயதுக்காரனுக்கு வாசிக்கத் தெரியும். வாசித்து முடித்த பிறகு அவளுடைய நாற்காலி இருக்கும், மின்விசிறி சுற்றும். சொந்த வார்த்தையில் ஜெபிக்க எனக்குப் பழக்கமில்லை. அது அவளுடைய பிரிவு. ஆராதனைப் புத்தகத்தில் அச்சடித்த ஜெபம் ஒன்றை எடுத்து வாசித்துவிட்டு, நானே ஆமென் சொல்லிவிட்டு எழுந்துகொள்வேன். கையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு இரண்டு நிறத்தில் கையெழுத்துப் போடுகிறவனைப் போலிருக்கும்.

மகன் நூம்பலில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறான். கணினி நிறுவனத்தில் வேலை. மருமகளுக்கும் அப்படியே. நூம்பலுக்கும் அண்ணனூருக்கும் நடுவே கடல் ஒன்றுமில்லை, சில சிக்னல்கள்தான். ஆனாலும் இரண்டாம் சனிக்கிழமைதான் வருவான். அப்படி வந்த ஒரு சனிக்கிழமை என் கைபேசியை வாங்கி ஒரு வேதாகமச் செயலியைப் போட்டுக் கொடுத்தான்.

"தினமும் ஒரு பகுதி வரும்பா. அதுவே வாசிச்சுக் காட்டும். விளக்கம் இருக்கு, மேப் இருக்கு, ஜெபம் பண்ணவும் தனியா இடம் இருக்கு."

"நீ பாக்கிறியா?"

"எனக்கு எதுக்கு? உங்களுக்குத்தான். தனியா இருக்கீங்க இல்ல."

வர முடியாதவர் தனக்குப் பதிலாக ஒருவரைப் பணியமர்த்திவிட்டுப் போவது வழக்கம்தான், முறையாக உத்தரவு போட்டிருந்தால் நான் கேள்வி கேட்டிருக்க மாட்டேன். செயலி குறைந்தது ஒரு நண்பரையாவது சேர்த்தால்தான் மேலே போவேன் என்று அடம்பிடித்தது. தன் எண்ணையே போட்டான். "சும்மா பேருக்கு. அப்புறம் வேற யாரையாவது சேத்துக்கோங்க." நான் யாரையும் சேர்க்கவில்லை. என் வயதில் புதிய நண்பர்கள் மருத்துவமனை வரிசையில்தான் கிடைக்கிறார்கள். அவர்களும் டோக்கன் எண் கூப்பிட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள்.

செயலியில் குறை கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் திறந்தேன். குறை இருந்தது. வாசிக்கிறவருக்கு மூச்சே வாங்குவதில்லை. யோபுவின் பிள்ளைகள் இறந்துபோன செய்தியையும் வம்சவரலாற்றையும் ஒரே குரலில் வாசிக்கிறார். தொடர்ந்து ஏழு நாள் திறந்தால் ஒரு நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டுகிறது, பணிக்காலம் முழுவதும் எனக்குக் கிடைக்காதது. ஆனால் பகுதிக்குக் கீழே இருந்த குறிப்புகளை நான் குறை சொல்ல முடியாது. இந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது, அப்போது எழுதியவர் எங்கே இருந்தார், அந்த ஊரில் என்ன பிரச்சினை என்று வரிசையாகப் போட்டிருந்தது. எந்தக் கோப்புக்கும் முதலில் வேண்டியது இதுதான். சிறையில் உட்கார்ந்து எழுதியது என்று தெரிந்துகொண்டு ஒரு வரியை வாசித்தால் அதன் எடை வேறு. வாசிப்பு முடிந்ததும் உடனே எழுந்துகொள்ளாமல் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கத் தொடங்கினேன்.

அந்த நேரத்துக்காகவே காத்திருந்ததுபோல் திரையில் ஒரு கேள்வி வரும். இன்றைய பகுதியில் உங்கள் மனதைத் தொட்டது எது, அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள் என்று. பக்கத்தில் ஒலிவாங்கிப் படம். கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான், அதில் ஆமென் என்று எழுதியிருக்கும். சொல்லி முடித்ததும் நாமே அதை அழுத்த வேண்டும். மறுபடியும் அதே விதிமீறல், இந்த முறை பச்சை நிறத்தில்.

அதையும் பொறுத்துக்கொண்டு ஒருநாள் சொந்த வார்த்தையில் ஜெபிக்க முயன்றேன். பழக்கதோஷத்தால், அலுவலகக் கடிதம்போல் பொருள், பார்வை எல்லாம் மனதுக்குள் பிரித்துக்கொண்டு தொடங்கினேன். நாலு வரி சொல்லி முடித்தபோது எதுவுமே பதிவாகவில்லை என்று தெரிந்தது. கைபேசியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் பூந்தமல்லியிலிருந்து தினமும் வந்துபோகிறவர், முஸ்லிம். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், புச்சு போனு, அதுக்குள்ள இன்னா ஆச்சு?"

"பேசினால் பதிவாகவில்லை."

வாங்கிப் பார்த்தார். "மைக்குக்கு நீங்க பர்மிசனே குட்கல சார். அது கேட்டுகினே கீது, நீங்க வேணாம் வேணாம்னு தள்ளிகினே கீறீங்க."

"ஆண்டவரோடு பேசுவதற்கு யாருடைய அனுமதி வேண்டும்?"

"ஆண்டவனுக்கு வேணாம் சார். ஆப்புக்கு வேணும்." எதையோ அழுத்திவிட்டுக் கையில் கொடுத்தார். "இப்ப பேசிப் பாருங்க."

கடையில் நின்றுகொண்டு என்ன பேசுவது? ஆண்டவரே, இந்தக் கருவி பழுதில்லாமல் வேலை செய்யட்டும் என்றேன். வெளியே ஆட்டோ ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. இயேசுவின் மூலம் ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே என்று அவளைப் போலவே முடித்து, அவளைப் போலவே நிறுத்திவிட்டேன். கடைக்காரர் திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமீன்" என்றார்.

நான் அவரைப் பார்த்ததைக் கவனித்திருக்க வேண்டும். "நாங்களும் அத்தத்தான் சார் சொல்றது. கொஞ்சம் இழுத்து சொல்லுவோம், அவ்ளோதான். இன்னா, ரெக்கார்டு ஆச்சா?"

ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன். என் குரல், ஹாரன், பிறகு அவருடைய குரல். அவள் போன பிறகு என் ஜெபத்துக்கு விழுந்த முதல் இரண்டாம் கையெழுத்து அது. வேறு துறையின் ஒப்பம் செல்லுமா என்று பார்த்தால், அவசர காலத்தில் பொறுப்பு அலுவலர் கையெழுத்திடலாம் என்று இருக்கிறது. அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. சில மாலைகளில் ஏழு மணிக்கு அதையே மறுபடி போட்டுக் கேட்டேன். கருவி வேலை செய்யட்டும் என்ற ஜெபத்தை இத்தனை முறை கேட்டவன் ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

அதற்குப் பிறகுதான் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொன்றைக் கவனித்தேன். ஜெபத்தை நண்பரின் எண்ணுக்குப் பகிரலாம். அவர் கேட்டுவிட்டுத் தன் பக்கத்திலிருந்து ஆமென் சொன்னால் நம் திரையில் அவர் பெயரோடு வரும். அதாவது, அந்தச் செயலியைச் செய்தவர்களில் யாரோ ஒருவருக்கு விதி தெரிந்திருக்கிறது.

என் பட்டியலில் ஒரே ஒரு நண்பர்தான். அன்று மாலை ஜெபத்தைத் தெளிவாகச் சொன்னேன். ஆண்டவரே, இந்த வீட்டில் ஜெபிக்கவும் ஆமென் சொல்லவும் இருந்தவர்களில் ஒருவர் குறைந்துவிட்டார், அந்த இடம் நிரப்பப்படாமல் இருக்கிறது, தகுந்த நபர் நூம்பலில் இருக்கிறார், ஆவன செய்ய வேண்டுகிறேன். ஆமென் பொத்தானை அழுத்தாமல் மகனுக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டான் என்று திரை காட்டியது. பதில் இல்லை. ஒரு வாரம் பொறுத்து, நினைவூட்டு ஒன்று என்று தலைப்பிட்டு அனுப்பினேன். அதையும் கேட்டான். நினைவூட்டு இரண்டு அனுப்பினேன். அடுத்தது நேர்முகக் கடிதம், அதாவது பெயரைச் சொல்லி, அன்புள்ள என்று தொடங்கி எழுதுவது. அதற்குள் இரண்டாம் சனிக்கிழமை வந்துவிட்டது.

பூந்தமல்லியில் வாங்கிய பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான். மேசையில் வைத்த பிறகுதான் சுவரில் இருந்த சபை நாட்காட்டியைப் பார்த்தான். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கியிருந்தன. அவன் அம்மா இருந்தவரை அந்த நாற்பது நாளும் வீட்டில் கறி சமைத்ததில்லை.

"லெந்தாப்பா? மறந்தே போச்சு. எடுத்துட்டுப் போயிடவா?"

"பரவாயில்லை, வை. விருந்தாளி கொண்டுவந்ததுக்கு விலக்கு உண்டு."

"அப்படி ஒரு ரூல் இருக்கா?"

"இப்பதான் போட்டேன்."

சிரித்தான். இருவரும் சாப்பிட்டோம். அவன் எப்போதும்போல் முட்டையை எனக்கு ஒதுக்கினான். அவள் நாற்காலியில் அவன் உட்காரவில்லை, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். கை கழுவிவிட்டு வந்து கேட்டான்.

"என்னப்பா அது, நினைவூட்டு ஒண்ணு, நினைவூட்டு ரெண்டு? நான் என்ன உங்க செக்‌ஷன் கிளார்க்கா?"

"கிளார்க்கா இருந்தா இந்நேரம் மெமோ குடுத்திருப்பேன்."

"ஆஃபீஸ்ல மீட்டிங்ல இருக்கேன், உங்க குரல் வருது. தகுந்த நபர் நூம்பலில் இருக்கிறார்னு."

"ஒரு பட்டன்தானே. உனக்கு அழுத்துறதுக்கு ஒரு நொடி ஆகுமா?"

"அதனாலதான்பா அழுத்தல."

அவன் பிரியாணிப் பொட்டலத்தின் நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அம்மாவுக்காக நான் எவ்ளோ ஆமென் சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும். தொண்டை கட்டிப்போச்சு. அதுல ஒண்ணுக்காவது பதில் வந்துச்சா? முடியாதுன்னாவது? மனுவை நிராகரிச்சாக்கூட காரணம் எழுதணும்னு நீங்கதானே சொல்லுவீங்க. எங்க காரணம்?"

விதி சரிதான். நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. காரணம் காட்டாமல் நிராகரித்த உத்தரவு நிற்காது, மேல்முறையீட்டில் அடிபட்டுப் போகும். ஆண்டவருடைய சித்தம் என்று சொல்லியிருக்கலாம். அடக்கத்தன்று பலர் அவனிடம் சொன்னார்கள். அது காரணமில்லை, உத்தரவின் முடிவை வேறு வார்த்தையில் மறுபடி எழுதுவது.

"டிராஃபிக் ஆயிடும். வரேம்பா" என்று எழுந்தான். நூலை விரலிலிருந்து அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். நேர்முகக் கடிதத்தை நான் அனுப்பவில்லை. கோப்பை மூடிவிட்டேன் என்றே நினைத்தேன்.

லெந்து நாட்களுக்காகச் செயலி வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து தந்துகொண்டிருந்தது. சங்கீதம் என்றால் எனக்குப் போற்றிப் பாடுவது. அவற்றில் நிறைய புகார்கள் என்று செயலியின் குறிப்பு சொன்னது. ஏன் மறந்தீர், ஏன் கேட்கவில்லை, எதுவரைக்கும் என்று கேட்பவை. பெரும்பாலானவற்றில் கடைசியில் ஒரு ஆறுதலாவது வருகிறது. எண்பத்தெட்டாம் சங்கீதத்தில் அதுவும் இல்லை. கேட்கிறவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், இருட்டோடு முடிந்துவிடுகிறது. கீழே குறிப்பில், இந்தச் சங்கீதத்தில் பதில் எதுவும் பதிவாகவில்லை என்று மட்டும் இருந்தது. மூச்சு வாங்காத அந்த மனிதர் அதை வாசித்து முடித்தபோது, கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றேன்.

நான் எத்தனையோ அதிகாரிகளின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன். தங்கள்மேல் வந்த புகாரை அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியும். தொலைந்துபோகும், வேறு பிரிவுக்குப் போகும், மழையில் நனையும். தனக்கு எதிரான மனுவைத் தன் சொந்தப் பதிவேட்டிலேயே, பதில் எழுதாத நிலையிலேயே, எல்லோரும் வாசிக்கும்படி காலங்காலமாக வைத்திருக்கிற ஒரு அதிகாரியை நான் பார்த்ததில்லை. பதில் ஏன் வரவில்லை என்பது அதனால் எனக்குப் புரிந்துவிடவில்லை. ஆனால் என் மகனுடைய மனு ஏற்கத்தக்கது என்று புரிந்தது. அதை நான்தான் மேலே அனுப்பாமல் என் மேசையில் வைத்திருந்தேன்.

அடுத்த நாள் மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். பொருள், பார்வை எதுவும் இல்லாமல் பேசினேன். பால் பாக்கெட் பெண்ணைச் சொன்னேன். செல்போன் கடைக்காரரைச் சொன்னேன். ஜன்னலில் காலி ரயில் போனது, அதன் ஓட்டுநரைச் சொன்னேன். பிறகு, ஆண்டவரே, என் மகன் ஒன்று கேட்கிறான் என்று தொடங்கினேன். அவன் கேட்டதை அவனுடைய வார்த்தையிலேயே, தொண்டை கட்டிப்போனது உட்பட, அப்படியே சொன்னேன். நியாயமான கேள்வி, எனக்கும் அதே கேள்விதான், நானும் சேர்ந்து கேட்கிறேன் என்றேன். அவளில்லாமல் இந்த வீடு எப்படி இருக்கிறது என்று சொல்ல முயன்று நடுவில் கொஞ்ச நேரம் நின்றுபோனேன். செயலி பொறுமையாக அந்த நேரத்தையும் பதிவு செய்தது. இயேசுவின் மூலம் ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே என்று சொல்லி நிறுத்தினேன். ஆமென் சொல்லவில்லை. பொத்தானையும் அழுத்தவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தைக் காலியாக விட்டேன்.

ஒருவருடைய மனுவை மேலே அனுப்பும்போது அதன் நகலை மனுதாரருக்கு அனுப்ப வேண்டும். தன் மனு எங்கே போயிருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவருடைய உரிமை. அந்த முறைப்படி, தங்கள் தகவலுக்காக என்று மட்டும் எழுதி மகனுக்கு அனுப்பினேன்.

கேட்டுவிட்டான் என்று அன்று திரை காட்டவில்லை. மறுநாளும் இல்லை. தகவலுக்காக அனுப்பும் நகலுக்குப் பதில் எழுத யாருக்கும் கடமை கிடையாது, அதனால் பதிலை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று எழுதுவதுதான் முறை. நடந்தது என்னவென்றால், கைபேசியைக் குளியலறை வரை கொண்டுபோனேன். நினைவூட்டு எதுவும் அனுப்பவில்லை. குருத்தோலை ஞாயிறு வந்தது. சபையில் கொடுத்த ஓலைச் சிலுவையை அவள் நாற்காலியின் கைப்பிடியில் செருகிவைத்தேன். மாலைகளில் வாசித்தேன், ஜெபித்தேன், கடைசி வார்த்தைக்கு முன்னால் நிறுத்திவிட்டு எழுந்துகொண்டேன்.

இயேசு தோட்டத்தில் தனியாக ஜெபித்த இரவை நினைவுகூரும் மாலை ஆராதனைக்காக வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. திரையில் என் மகனின் பெயர், அதற்குக் கீழே, ஆமென் சொன்னார் என்று இருந்தது. செயலி அவனுக்கும் மரியாதை கொடுத்திருந்தது. அவன் பொத்தானை அழுத்தியிருக்கவில்லை, பேசி அனுப்பியிருந்தான். தேய்ப்புப் பெட்டியை அணைத்துவிட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை. எங்கோ குக்கர் விசில், மின்விசிறிச் சத்தம், அவன் தொண்டையைச் செருமுவது. அவன் அம்மா நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருப்பாளே, ஏறத்தாழ அவ்வளவு நேரம். பிறகு சொன்னான். உரக்கச் சொல்லவில்லை, சின்ன வயதில் சொன்னதுபோல வாய்க்குள் முணுமுணுத்தான்.

பதில் வந்த நாள், பெரிய வியாழன்.